முறுக்கு கொடுத்துக் காது பார்த்தவர்

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவரின் இரண்டு காதுகளிலும் எங்கள் கம்பெனியின் புது மெஷின் இருந்தது.

"கடிங்க" என்றார்.

பெரியவர் கடித்தார். கடித்த வேகத்தில் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாம்மா இது, மண்டைக்குள்ள ஜல்லி ஒடைக்குது."

"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?"

"இந்தப் பக்கந்தான்."

அவர் லேப்டாப் திரையில் ஒரு கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு இன்னொரு முறுக்கை நீட்டினார். மூன்றாவது முறுக்கில் பெரியவர் கன்னத்தை மறந்துவிட்டு, மென்றுகொண்டே மக்காச்சோளத்தில் விழுந்த புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க சார். புது ஏரியா மேனேஜர் நீங்கதானா? உக்காருங்க. முறுக்கு எடுத்துக்குங்க."

காது கேட்காதவர்களுக்கான கருவி செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் அப்போது நான் வேலையில் இருந்தேன். திருச்சியில் இருந்துகொண்டு நான்கு மாவட்டங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து எங்களுக்கு இருந்த ஒரே டீலர் அவர்தான். சென்னையில் முறையாகப் படித்து வந்தவர். காதைச் சோதிப்பதும் அவர்தான், கருவியை அந்தக் காதுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுப்பதும் அவர்தான். செவித்துணைக் கருவி என்று போர்டில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது காது மெஷின், அவர் மெஷின் மேடம். போர்டில் இருந்த அவருடைய பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லாமலே விடுகிறேன்.

முறுக்கு எங்கள் கம்பெனியின் கையேட்டில் இல்லை என்பதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

"அமைதியான ரூம்ல உக்கார வச்சு கேக்குதான்னு கேக்கச் சொல்லிப் போட்டுருக்கு, அதானே சார்? படிச்சிருக்கேன். அமைதியான ரூம்ல இவங்களுக்கு என்ன வேல? வூட்டுக்குப் போன ஒடனே சோறு திங்கத்தான் ஒக்காருவாங்க. மெல்லுற சத்தமே எரிச்சலா இருந்துச்சுன்னா மெஷின் பீரோக்குள்ள போயிடும். அப்பறம் வெளிய வராது."

இதுதான் அவர். கருவி நன்றாக இருக்கிறது என்று கம்பெனி சொன்னாலும், கணினியில் கோடு சரியாக விழுந்தாலும், அவர் நம்பமாட்டார். அந்த ஆள் எதைக் கேட்க வேண்டுமென்று வந்தாரோ, அது அவருக்குக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவார்.

அதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், அதற்கு அடுத்து 'என்ன கேட்கணும்' என்று ஒரு கட்டம். வருகிறவரின் காதைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். வந்தவர்கள் பெரும்பாலும் "எல்லாந்தான் கேக்கணும்" என்பார்கள். ஒப்புக்கொள்ளமாட்டார். "எல்லாத்துக்கும் எனக்கு வேல செய்யத் தெரியாதுங்க. ஒன்னு சொல்லுங்க" என்று காத்திருப்பார். ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது அந்த நோட்டைப் புரட்டினேன். குன்னத்திலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு, கொல்லையில் மோட்டார் நின்றால் தெரிய வேண்டும். செந்துறை அம்மாள் ஒருவருக்கு, மருமகள் அடுப்படியில் போனில் பேசுவது. அரியலூரில் சிமென்ட் ஆலைக் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு, பின்னால் லாரி வருவது. கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் பெயருக்கு நேரே, 'டீக்கடையில் எல்லாரும் சிரிக்கும்போது எதுக்கு என்று' என எழுதியிருந்தது.

கடைசி ஆள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறையில் துளை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பல வருஷம் நின்றவர். அந்த வேலை செய்தவர்களுக்கு ஒரு மாதிரியான செவிட்டுத்தனம் வரும். பேசுவது கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது. பருப்பு வாங்கிவரச் சொன்ன மனைவிக்குச் செருப்பு வாங்கி வந்தவர் அவர். அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டுதான் மாடிப்படி ஏறி வந்திருந்தார். "அளவு சரியாத்தான் இருந்துச்சு, அதான் வச்சுக்கிட்டேன்" என்றார்.

அறையில் உட்காரவைத்துத் திருத்தியபோது எல்லாம் சரியாகவே வந்தது. நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மேடம் லேப்டாப்பையும், கருவியைக் கணினியோடு இணைக்கும் கறுப்புப் பெட்டியையும், வயர்களையும் பையில் போட்டுக்கொண்டு அவரை எதிர்ச்சாரி டீக்கடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் உட்காரவைத்து, கழுத்தில் வயரை மாட்டினார்.

"யம்மா, கரண்ட்டு கிரண்ட்டு அடிக்காதுல்ல?" என்றார் டீ மாஸ்டர்.

"அடிச்சா ஒங்களுக்கு இல்ல, அவருக்குத்தான். நீங்க டீய ஆத்துங்க."

பஸ்கள் ஹார்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. கடையில் இருந்த ஒருவர் தன் மச்சானுக்குப் பெண் பார்க்கப் போய் வந்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கீழப்பழுவூர்க்காரர் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் கோடுகளைத் திருத்தினார். "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே." அவர் சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் திருத்தம். "இன்னும் ஒரே ஒரு தரம்." மூன்றாவது முறை கதையைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. கீழப்பழுவூர்க்காரர் மட்டும் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மேடம் நோட்டில் அந்தக் கட்டத்துக்கு நேரே ஒரு டிக் அடித்தார்.

அவருடைய கணவர் பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். அவரையும் விட்டுவைக்கவில்லை. பயணத்தில் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால், அவர்களைக் கணவரின் பஸ்ஸில் ஏற்றி இரண்டு ஸ்டாப் அனுப்புவார். கண்டக்டர் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் "டிக்கெட்" என்பார். திரும்பினால் பாஸ். திரும்பாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிரே வரும் பஸ்ஸில் மாடி அறைக்குத் திரும்ப வேண்டும். ஒரு தடவை நானே அந்த பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் ஒரு பெரியவரின் முதுகுக்குப் பின்னால் மூன்று தடவை "டிக்கெட்" என்றதைப் பார்த்துப் பக்கத்து சீட்காரர் கோபப்பட்டு, "காது கேக்காதவர்ட்ட பின்னாடி நின்னு கேட்டா எப்படிங்க?" என்று சண்டைக்குப் போய்விட்டார்.

எனக்கும் மேடத்துக்கும் உரசல் இல்லாமல் இல்லை. மாதாந்தர ரிப்போர்ட்டை ஒழுங்காக அனுப்பமாட்டார். அனுப்பினால் 'குறிப்பு' என்று விட்ட சின்னக் கட்டத்தில் கதை எழுதியிருப்பார். எங்கள் கருவியில் என்ன குறை என்று அதில் தவறாமல் இருக்கும். வியர்வையில் மைக் அடைத்துக்கொள்கிறது, பேட்டரி மூடியை நடுங்கும் விரலால் திறக்க முடியவில்லை, பிள்ளைகளிடம் போனில் பேசினால் விசில் அடிக்கிறது. அவற்றை நான் மேலே அனுப்பியதில்லை. எங்கள் கம்பெனிக்குப் போட்டியே இல்லாத காலம் அது. டாக்டர்கள் எங்கள் பெயரைத்தான் எழுதினார்கள். குறை தெரிந்தாலும் ஜனங்களுக்கு வேறு வழியில்லை.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எனக்கு அந்த மாடி அறையில்தான் தெரிந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். முந்தைய வருஷம் சோதனை செய்துகொண்டு, எங்கள் மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர். இப்போது இரண்டு காதிலும் வெள்ளையாக இயர்பட்ஸ் மாட்டியிருந்தார். பையன்கள் பாட்டுக் கேட்க மாட்டிக்கொள்கிறார்களே, அதுதான்.

"பெங்களூர்லேருந்து மகன் அனுப்புனான் மேடம். போன்லயே காத டெஸ்ட் பண்ணி, அதுவே சரி பண்ணிக்கிச்சு. எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஆனா சரியாத்தான் வேல செய்யுதான்னு ஒங்கள்ட்டதான கேக்கணும்?"

நான் பக்கத்தில் இருந்தேன். இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று ஆபீசிலிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்தது. கேட்டால், காதைக் கெடுத்துவிடும் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். மேடத்துக்கு ஜாடை காட்டினேன். அவர் கவனிக்காத மாதிரி அந்த ஆசிரியரைக் காது சோதிக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் சொற்களை ஒலிக்கவிட்டார். இயர்பட்ஸ் இல்லாமல் ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை. பிறகு முறுக்கு கொடுத்தார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருச் சத்தத்தில் ஒரு தடவை.

"நல்லா வேல செய்யுது சார்" என்றார் அவரிடம். "ஒங்களுக்கு இருக்குற கொறைக்கு இது போதும். ரொம்ப நேரம் சார்ஜ் நிக்காது, மத்தியானம் கழட்டி டப்பாவுல வைங்க. காதுல சீழ் வந்தா போடாதீங்க. அடுத்த வருஷம் வந்து இன்னொரு டெஸ்ட் எடுத்துக்குங்க. கொற கூடியிருந்தா இது தாங்காது, அப்ப பாக்கலாம்."

அவர் படியிறங்கியதும் நான் கேட்டேன். "காதக் கெடுக்கும்னு சொல்லச் சொல்லியிருக்காங்களே மேடம்."

"கெடுக்கலையே சார்."

"நம்ம கஸ்டமர் போறாரு."

"அவரு போயி ஒரு வருசமாச்சு. இன்னைக்குத்தான் திரும்பி வந்துருக்காரு."

திருச்சியில் ஒரு ஓட்டலில் டீலர்கள் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து மண்டல மேலாளர் வந்திருந்தார். இயர்பட்ஸ் காதுக்குக் கேடு என்று பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் காட்டினார். கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பின் வரிசையிலிருந்து மேடம் எழுந்தார்.

"சார், அத யாராச்சும் போட்டுப் பாத்தீங்களா?"

மேலாளர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். மேடம் தொடர்ந்தார்.

"நான் ஒன்னு வாங்கி ஒரு மாசமா வர்றவங்களுக்கெல்லாம் போட்டுப் பாத்தேன். லேசான கொறைக்கு நல்லா கேக்குது. பஸ்ஸுல நம்ம மெஷின விட நல்லாருக்கு. அதிகமா கேக்காதவங்களுக்கு ஒன்னும் புண்ணியமில்ல. அவங்களுக்கு நம்மதுதான். பாட்டுக் கேக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு யாரும் பக்கத்துல வந்து பேச மாட்டேங்குறாங்க, அது ஒரு கொற. ஆனா வயசாயிடுச்சுன்னு யாரும் சொல்றதில்ல. அதுக்காகவே போட்டுக்கிறாங்க."

மேலாளர் சிரித்தபடி, நம் கம்பெனியின் பலம் இத்தனை வருஷத் தொழில்நுட்பம், அதை ஒரு பாட்டுக் கேட்கும் சாமான் அசைக்க முடியாது என்றார்.

"நம்ம பலம் மெஷின்ல இல்ல சார்" என்றார் மேடம். குரல் உயரவே இல்லை. "என் மேசையில ஒரு கறுப்புப் பொட்டியும் வயரும் இருக்கு பாருங்க, அதுலதான் இருந்துச்சு. அது இல்லாம மெஷினத் திருத்த முடியாது. அதனால புடிக்குதோ புடிக்கலையோ அவங்க எங்கிட்ட வந்தே ஆவணும். இப்ப அந்தப் பொட்டி அவங்க போனுக்குள்ள போயிடுச்சு. இனிமே வரணும்னு கட்டாயம் கெடையாது. நம்ம சொல்லு நெசமா இருந்தா வருவாங்க. பொய்யின்னு ஒருக்கா தெரிஞ்சுட்டா, நெசமாவே மெஷின் வேணுங்குறவங்களும் வர மாட்டாங்க."

மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

அடுத்த மாதமே எனக்கு உத்தரவு வந்தது. பெரம்பலூர் டீலர்ஷிப்பை நிறுத்தி, கறுப்புப் பெட்டியை நேரில் போய் வாங்கி வர வேண்டும். பெட்டி போய்விட்டால் இரண்டு மாவட்டங்களில் எங்கள் மெஷினை மாட்டியிருக்கும் அத்தனை பேரும் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் திருச்சிக்கு வர வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதும் தெரியும். காலை பஸ்ஸிலேயே போனேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் மடித்து நோட்டுக்குள் வைத்தார். கண் கலங்கும், கோபப்படுவார் என்று நான் எதையெதையோ எதிர்பார்த்து வந்திருந்தேன்.

"எடுத்துட்டுப் போங்க சார். சாயங்காலம் வரைக்கும் மட்டும் குடுங்க. திருத்த வேண்டியவங்க கொஞ்சம் பேரு இருக்காங்க. நாளைக்கு அவங்க எங்க போவாங்க?"

சரியென்றேன். அவர் போனை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தார். காது கேட்காதவர்களைப் போனில் அழைப்பது என்றால் மகனையோ மருமகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் படிக்கட்டு நிறைந்துவிட்டது. துவரங்காய் மூட்டையோடு ஒருவர், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள், ஷிப்ட் முடித்து முகத்தில் சிமென்ட் தூசியோடு இருவர். மேடத்தால் தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. நான் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டோக்கன் எழுதிக் கொடுத்தேன். பிறகு மெஷின்களைத் துடைத்தேன். பிறகு வயர் பிடித்தேன். மதியம் முறுக்கு தீர்ந்துபோய் கீழே போய் வாங்கி வந்ததும் நான்தான்.

அந்தத் தலைமையாசிரியர் தன் அண்ணனை அழைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் வந்தார். அண்ணனுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. சாதியில் பெரியவர்கள், தோட்டம் துரவு உள்ளவர்கள், எத்தனையோ பேர் சொல்லியும் காதில் எதையும் மாட்டமாட்டேன் என்று இருந்தவராம்.

"எனக்கு இந்த ப்ளூடூத்தே போதும்னு சொல்லி அனுப்புன ஆளு, இவங்க. மெஷின் வேணும்னு இவங்க சொன்னா, வேணும்னுதான் அர்த்தம்னு சொல்லி இழுத்துட்டு வந்தேன்" என்றார் ஆசிரியர். அண்ணனுக்கு எங்கள் கம்பெனியின் விலை கூடிய மெஷின், இரண்டு காதுக்கும், அன்றைக்கே எழுதப்பட்டது. எழுதியது நான். டீலர்ஷிப்பை நிறுத்த வந்த கையால் ஆர்டர் எழுதினேன்.

நான்கு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. மேடம் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் "சரி, சரி" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் இடது பக்கத்தில் நின்றார். "என்ன சரி? நான் என்ன சொன்னேன்?"

நான் கையிலிருந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ரெண்டு வருசமாப் பாக்குறேன் சார். வலது பக்கத்துலேருந்து பேசுனா, என்ன சொன்னாலும் சரி சரின்னு சொல்றீங்க. டீக்கடையில வச்சுத் திருத்துறதுக்கு அப்படித்தான் ஒங்கள்ட்ட பர்மிஷன் வாங்குனேன். பஸ்ஸுக்கும் அப்படித்தான். வாங்க, உள்ள ஒக்காருங்க."

காது மெஷின் விற்கிறவன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். வீட்டில் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான். நான் கேட்கவில்லை. நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்று அவளிடமே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வலது காதில் கோடு லேசாகக் கீழே சரிந்திருந்தது. அவர் அதைக் காட்டியபோது, யாரோ என் சட்டைப் பையிலிருந்து எதையோ வெளியே எடுத்துக் காட்டிய மாதிரி கூச்சமாக இருந்தது.

"நம்ம மெஷின் எழுதட்டுமா?" என்றார்.

"வேணாம் மேடம்" என்றேன் அவசரமாக. ஆபீசில் எல்லோரும் பார்ப்பார்களே என்று அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"இப்பத் தெரியுதா, ஏன் ஜனங்க அத வாங்குறாங்கன்னு?"

என் பையில் பாட்டுக் கேட்கிற இயர்பட்ஸ் இருந்தது. அவரே வாங்கி, என் போனில் அதற்கான செயலியை இறக்கி, கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். "என்ன கேக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். என் மனைவி சமையலறையிலிருந்து சொல்வது என்றேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதிக்கொண்டார்.

ஐந்தரை மணிக்குக் கறுப்புப் பெட்டியை ஒரு மஞ்சள் பையில் போட்டு, வயர்களைச் சுருட்டி வைத்து, என் கையில் கொடுத்தார். படியில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திருமழபாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

பையை வாங்கினேன். ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மேசைமேல் வைத்தேன்.

"இவங்கள முடிச்சுருங்க மேடம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பொட்டி?"

"அடுத்த மாசம் வரேன்."

அன்றிரவுக்குள் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டை பஸ்ஸிலேயே போனில் அடித்தேன். 'பெட்டி உபயோகத்தில் இருந்ததால் எடுத்து வர இயலவில்லை.' இதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. அடுத்த மாதமும் போனேன், அடுத்த மாதமும் அதே வரியை எழுதினேன். அதற்கடுத்த மாதமும். வேலை போய்விடும் என்று பயம் இருந்தது. ஆபீசிலிருந்து போன் வந்தால் வெளியே போய்த்தான் எடுத்தேன். ஆனால் அந்த வரியை மட்டும் மாற்றவில்லை.

அதற்குள் மற்ற ஊர்களிலிருந்து ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்திருந்தன. காதைக் கெடுக்கும் என்று கம்பெனி சொல்லச் சொன்னதைச் சொன்ன டீலர்களிடம் ஜனங்கள் சரி என்று கேட்டுக்கொண்டு போய், இயர்பட்ஸ் மாட்டிப் பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்று தெரிந்து, அந்தக் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை. பெரம்பலூர் மாடி அறைக்கு மட்டும் கூட்டம் குறையவில்லை. இயர்பட்ஸே போதும் என்று அவர் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில், தெருவில், உண்மையிலேயே காது கேட்காத யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெட்டியைப் பற்றியும் டீலர்ஷிப்பை நிறுத்துவதைப் பற்றியும் ஆபீஸ் பிறகு கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கடைசியில் எங்கள் கம்பெனியே இயர்பட்ஸ் போன்ற ஒன்றைச் செய்துகொண்டு வந்தது. அதை வெளியே விடுவதற்கு முன்னால் சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கும் ஊரில் முகாம் போட்டுக் காட்ட வேண்டும், மேடம்தான் நடத்த வேண்டும் என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதலில் சாமானை அனுப்புங்கள், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அவர் எழுதி அனுப்பிய குறைகள் இரண்டு பக்கத்துக்கு வந்தன. இந்த முறை அதை நான் ஒரு வரி விடாமல் மேலே அனுப்பினேன். பாதியைச் சரிசெய்தும் கொடுத்தார்கள்.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் அந்த முகாம் நடந்தது. அவரை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். பிறகு வேறு வேலை கிடைத்து நான் சேலத்துக்கு வந்துவிட்டேன். அந்த முகாமுக்குச் சென்னை ஆபீசிலிருந்து ஒரு இளம் அதிகாரி போட்டோக்காரரோடு வந்திருந்தார். புதுக் கருவியைப் போட்டுக்கொண்ட ஒரு வயதான சுரங்கத் தொழிலாளியைப் படம் எடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து பரபரத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணி வாக்கில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அந்த அம்மாள் கல் உடைக்கும் கிரஷரில் இருந்தவர். இரண்டு பேர் காதும் ஒரே மாதிரி லேசாகப் போயிருந்தது. ஆனால் அவர்கள் வெறும் காதோடு வரவில்லை. பேரன் வாங்கிக் கொடுத்த இயர்பட்ஸில் ஒன்றை அவரும் மற்றொன்றை அந்த அம்மாளும் மாட்டியிருந்தார்கள். வேறு கம்பெனிச் சாமான்.

மேடம் இருவரையும் தனித்தனியே சோதித்தார். பிறகு சேர்த்து உட்காரவைத்தார். பின்னால் நின்று பேசினார், முன்னால் நின்று பேசினார்.

"ஒரு ஜோடிய ரெண்டா பிரிச்சுப் போட்டுருக்கீங்களே, செரமமா இல்லையா?" என்று கேட்டார்.

"போனு இவரு பையிலதான இருக்கு" என்றார் அந்த அம்மாள். "தள்ளிப் போனா எனக்கு நின்னு போயிடுது. அதனால பக்கத்துலயே குந்திக்கிட்டு இருக்கோம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு இவ்ளோ நேரம் வூட்ல ஒக்காந்ததில்ல."

"எனக்கும் வேற போக்கில்ல" என்றார் கணவர். "அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும்."

மேடம் சிரித்துவிட்டு, "இப்போதைக்கு ஒங்களுக்கு இது போதும். ஆறு மாசத்துல திரும்ப டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். சென்னை அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய், அந்தத் தம்பதியின் முதுகுக்குப் பின்னால் நின்று, தணிந்த குரலில் கேட்டார். "என்ன சார் இது, அடுத்தவன் மெஷினையே போதும்னு சொல்லி அனுப்புறாங்க? இந்த மேடம் நம்ம ஆளா, அவங்க ஆளா?"

நான் பதில் சொல்வதற்குள், முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பாமலே சொன்னார்.

"எங்க ஆளு தம்பி."